சூழல் மாறிகள்: எங்கே எழுதினால் எந்த நிரல் படிக்கும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜாவா, பைத்தான், ஆண்ட்ராய்டு என்று எதை நிறுவினாலும் "பாத் மாறியில் சேருங்கள்", "ஜாவா_ஹோம் அமையுங்கள்" என்கிறார்கள். சொன்னபடி செய்கிறேன், சில நேரம் வேலை செய்கிறது, சில நேரம் செய்வதில்லை. என்ன செய்தேன் என்பதுதான் புரியவில்லை. சூழல் மாறி என்றால் உண்மையில் என்ன?
— கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: ஒரு நிரல் ஓடத் தொடங்கும் நேரத்தில், அதைத் தொடங்கிவைக்கும் நிரல், பெயரும் மதிப்புமாக எழுதப்பட்ட சில வரிகளை அதனிடம் ஒப்படைக்கிறது. ஜாவா_ஹோம் என்ற பெயருக்கு எதிரே ஜாவா நிறுவப்பட்ட கோப்புறையின் முகவரி இருக்கும். பாத் என்ற பெயருக்கு எதிரே, நீங்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் அதை எந்தெந்தக் கோப்புறைகளில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். இந்த வரிகளின் தொகுப்பே அந்த நிரலின் சூழல். ஒவ்வொரு வரியும் ஒரு சூழல் மாறி. பெல் ஆய்வகத்திலிருந்து 1979-இல் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1983-இல் வந்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் 2.0 பதிப்பு அதைத் தன் வழியில் எடுத்துக்கொண்டது; விண்டோஸ் அதைத் தொடர்ந்தது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் ஒரே கருத்து மூன்று பழக்கங்களோடு வழங்கிவருவதற்கு இந்த வரலாறே காரணம்.

இதில் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒப்படைக்கப்படுவது மூலம் அன்று, நகல். வெளியூர் புறப்படும் பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றில், அவன் பேருந்து ஏறிய பிறகு வீட்டில் சமைத்த எதுவும் சேராது. அதுபோல, ஒரு நிரல் தொடங்கிய பிறகு வேறெங்கோ நீங்கள் மாற்றும் மதிப்பு அதைத் தானாகச் சென்றடையாது. அதேபோல, தொடங்கப்பட்ட நிரல் தன் நகலில் எதை மாற்றினாலும், தன்னைத் தொடங்கிய நிரலின் சூழலை அது தொடாது. உங்களுக்குச் சில நேரம் வேலை செய்து சில நேரம் செய்யாமல் போவதன் காரணம் பெரும்பாலும் இதுவே. எந்த இயங்குதளமானாலும், "இந்த நிரலைத் தொடங்கியது எது, தொடங்கியபோது அதன் கையில் என்ன இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். இந்த இதழில் வந்துள்ள ஏனைய கேள்விகளில் பலவற்றுக்கும் விடை இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது.

நிரலின் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பதும் எளிது. விண்டோஸில் கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் "செட்" என்று மட்டும் தட்டினால் எல்லா மாறிகளும் வரும். பவர்ஷெல்லில் "டிர் என்வ்:" என்றும், லினக்ஸிலும் மேக்கிலும் "பிரின்ட்என்வ்" என்றும் தட்ட வேண்டும். இப்பகுதியில் தமிழ் எழுத்தில் அச்சாகும் கட்டளைகளையும் மாறிப் பெயர்களையும் கோப்புப் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: விண்டோஸ் 11 கணினியில், இணையத்தில் பார்த்த ஒரு குறிப்பின்படி "செட்எக்ஸ்" கட்டளையால் பாத் மாறியில் ஜாவா கோப்புறையைச் சேர்த்தேன். ஏதோ எச்சரிக்கை வந்தது, கவனிக்கவில்லை. இப்போது "பைத்தான்" என்றாலும் "கோட்" என்றாலும் அப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. ஜாவாவும் பழைய பதிப்பையே காட்டுகிறது. மீட்க வழி உண்டா?
— மென்பொருள் பயிற்சியாளர், கோயம்புத்தூர்

பதில்: உண்டு. முதலில் ஒரு வேண்டுகோள்: கணினியை இன்னும் மறுதொடக்கம் செய்யவில்லை என்றால் செய்ய வேண்டாம். நீங்கள் அந்தக் கட்டளையைத் தட்டிய கமாண்ட் பிராம்ப்ட் சாளரமோ, அதற்கு முன்பே திறந்திருந்த வேறொரு சாளரமோ இன்னும் மூடப்படாமல் இருந்தால், பழைய பாத் மதிப்பு முழுமையாக அதன் நகலில் இருக்கிறது. அங்கே "எக்கோ" கட்டளையை, பாத் என்ற பெயரின் இருபுறமும் விழுக்காட்டுக் குறியிட்டுத் தட்டுங்கள். வரும் நீண்ட வரியை ஒரு கோப்பில் ஒட்டிச் சேமித்துக்கொள்ளுங்கள். இழந்தவை எவை என்பதற்கு அதுவே ஆவணம்.

நடந்தது இதுதான். விண்டோஸ் நிலையான சூழல் மாறிகளை ரெஜிஸ்ட்ரி என்ற தன் அமைப்புத் தரவுத்தளத்தில் இரண்டு இடங்களில் வைக்கிறது: கணினி முழுமைக்குமானவை ஓரிடத்தில், உங்கள் பயனர் கணக்குக்கு மட்டுமானவை வேறோரிடத்தில். ஏனைய மாறிகளைப் பொறுத்தவரை இரண்டிலும் ஒரே பெயர் இருந்தால் பயனருக்கானதே செல்லும். பாத் மட்டும் விதிவிலக்கு. கணினிக்கான பட்டியல் முதலிலும் பயனருக்கான பட்டியல் அதன் பின்னாலும் ஒட்டப்பட்டு ஒரே வரியாகிறது. நீங்கள் பார்த்த குறிப்பு, இப்படி ஒட்டப்பட்ட முழு வரியையும் எடுத்து, அதன் கடைசியில் ஜாவா கோப்புறையைச் சேர்த்து, அனைத்தையும் பயனருக்கான இடத்தில் எழுதச் சொல்லியிருக்கிறது. செட்எக்ஸ் கட்டளையோ 1024 எழுத்துகளுக்கு மேல் எழுதாது. மிஞ்சியதை வெட்டிவிட்டு, வெட்டியதாக ஒரு வரி எச்சரித்துவிட்டுச் சேமித்துவிடும். கணினிக்கான பட்டியல் முன்னால் வருவதால், வெட்டுப்பட்டது பின்னால் இருந்த உங்கள் சொந்தப் பட்டியலே. பயனர் கணக்கில் நிறுவப்பட்ட பைத்தானும், விஎஸ் கோட் என்ற நிரல் எடிட்டரின் "கோட்" கட்டளையும் அங்கேதான் இருந்தன. புதிதாகச் சேர்த்த ஜாவாவும் அந்த வெட்டில் போயிருக்கும். இந்தக் கட்டளையை பாத் மாறிக்குப் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் இன்றும் பரவலாக இருப்பது வருத்தத்துக்குரியது. மாணவர்களுக்குக் கற்பிப்பவர்கள் இதைப் பாடக்குறிப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மீட்கும் வழி: தொடக்கப் பட்டியின் தேடலில் "என்விரான்மென்ட்" என்று தட்டி, சூழல் மாறிகளைத் திருத்தும் சாளரத்தைத் திறவுங்கள். மேல் பாதி உங்கள் கணக்குக்குரியது, கீழ்ப் பாதி கணினிக்குரியது. மேல் பாதியில் பாத் வரியைத் திறந்தால் ஒவ்வொரு கோப்புறையும் தனித்தனி வரியாக வரும். கீழ்ப் பட்டியலிலும் உள்ள வரிகளை இங்கிருந்து நீக்குங்கள். சேமித்து வைத்த பழைய வரியைப் பார்த்து, விடுபட்டவற்றை மீண்டும் சேருங்கள். பழைய சாளரம் எதுவும் இல்லையென்றால் பைத்தானையும் விஎஸ் கோடையும் மறுபடி நிறுவி, நிறுவும்போது "பாத்-இல் சேர்" என்ற தெரிவை இடுவதே குறுகிய வழி.

அடுத்து ஜாவா. ஜாவா_ஹோம் மாறிக்கு ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பு) நிறுவப்பட்ட கோப்புறையையே மதிப்பாகக் கொடுங்கள்; அதற்குள் இருக்கும் "பின்" கோப்புறையை அன்று. ஜாவா நிரல்களைக் கட்டமைக்கும் மேவன், கிரேடில் போன்ற கருவிகள் தாமாகவே அதன் பின்னால் "பின்" என்று சேர்த்துக்கொள்ளும். பாத் பட்டியலில் மட்டும் "பின்" வரை எழுத வேண்டும். பழைய பதிப்பு வருவதற்குக் காரணம் வெட்டு மட்டுமாக இல்லாமலும் இருக்கலாம். ஆரக்கிள் நிறுவி, "ஜாவாபாத்" என்ற ஒரு கோப்புறையைக் கணினிக்கான பட்டியலின் முன்வரிசையில் சேர்ப்பது வழக்கம். முதலில் கிடைத்ததே ஓடும் என்பதால், உங்கள் கணக்கின் பட்டியலில் நீங்கள் எதை எழுதினாலும் அதற்கு முறை வருவதில்லை. கமாண்ட் பிராம்ப்டில் "வேர் ஜாவா" என்று தட்டினால் கிடைக்கும் ஜாவாக்கள் அனைத்தும் தேடல் வரிசையில் வரும்; முதல் வரியில் இருப்பதே ஓடுகிறது. பவர்ஷெல்லில் "வேர்" என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர், ஆகவே அங்கே "வேர்.இஎக்ஸ்இ" என்று முழுப் பெயரையும் எழுத வேண்டும்.

திருத்தி முடித்ததும் புதிய சாளரம் திறந்து சோதியுங்கள். மதிப்பு மாறியது என்ற அறிவிப்பை விண்டோஸ் எல்லா நிரல்களுக்கும் அனுப்பினாலும், டாஸ்க்பாரையும் தொடக்கப் பட்டியையும் நடத்தும் எக்ஸ்புளோரர் போன்ற சிலவே அதைக் கேட்டுத் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். திறந்திருக்கும் கமாண்ட் பிராம்ப்ட் கேட்காது. விஎஸ் கோடும் கேட்காது. அதற்குள் புதிதாகத் திறக்கும் டெர்மினலும் விஎஸ் கோடின் பழைய நகலையே பெறும் என்பதால், அதை முழுவதுமாக மூடித் திறக்க வேண்டும்.

கேள்வி: மேக் கணினியில் ".இசட்எஸ்எச்ஆர்சி" கோப்பில் ஆண்ட்ராய்டு_ஹோம் மாறியை எழுதியிருக்கிறேன். டெர்மினலில் எல்லாம் சரியாக வருகிறது. டாக்கிலிருந்து திறக்கும் செயலி மட்டும் அப்படி ஒரு மாறியே இல்லை என்கிறது. இரண்டும் ஒரே கணினிதானே?
— செயலி உருவாக்குநர், கோலாலம்பூர்

பதில்: கணினி ஒன்றுதான், தொடங்கி வைத்தவர்கள் வேறு. நீங்கள் எழுதிய கோப்பைப் படிப்பது இசட் ஷெல்; ஷெல் என்பது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். டெர்மினல் சாளரம் திறக்கும்போது அந்த ஷெல் எழுந்து, கோப்பைப் படித்து, தான் தொடங்கும் நிரல்களுக்கு அந்த மதிப்புகளைக் கொடுக்கிறது. டாக்கிலோ ஃபைண்டரிலோ சொடுக்கும்போது செயலியைத் தொடங்குவது லாஞ்ச்டி என்ற அமைப்பு நிரல். இடையில் எந்த ஷெல்லும் இல்லை, ஆகவே அந்தக் கோப்பைப் படிப்பாரும் இல்லை. சில எடிட்டர்கள் இந்தத் தொல்லையை அறிந்து, திறக்கும்போது தாமே பின்னணியில் ஒரு ஷெல்லை ஓட்டி அதன் சூழலைக் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. விஎஸ் கோட் அவ்வாறு செய்கிறது. எல்லாச் செயலிகளும் செய்வதில்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் உள்ளன. செயலிக்குத் தனக்கென்று ஒரு டெர்மினல் கட்டளை இருந்தால், டெர்மினலிலிருந்தே அதைத் திறக்கலாம். அல்லது "லாஞ்ச்சிடிஎல் செட்என்வ்" என்ற கட்டளையோடு பெயரையும் மதிப்பையும் தட்டினால், அதன் பிறகு டாக்கிலிருந்து திறக்கும் செயலிகளுக்கு அந்த மாறி கிடைக்கும். கணினியை மறுதொடக்கம் செய்தால் மறைந்துவிடும் என்பதால், நிலையாக வேண்டுமானால் உள்நுழையும்போதே அக்கட்டளையை ஓட்டும் ஒரு லாஞ்ச் ஏஜென்ட் கோப்பை எழுதி வைக்க வேண்டும். நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: எஸ்டிகே (ஆண்ட்ராய்டு செயலிகளை உருவாக்கும் கருவித்தொகுப்பு) இருக்கும் இடத்தைச் செயலியின் சொந்த அமைப்புகளிலேயே குறிப்பிடுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஒவ்வொரு திட்டத்திலும் "லோக்கல்.பிராபர்ட்டீஸ்" என்ற கோப்பில் எஸ்டிகே முகவரியை எழுதி வைப்பதும் இதற்காகவே. மேக்கில் அந்த எஸ்டிகே, உங்கள் முகப்புக் கோப்புறையின் "லைப்ரரி" கோப்புறைக்குள் "ஆண்ட்ராய்டு" என்பதன் கீழ் இருக்கும்.

பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றும்போது அவை எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். மேக் ஓஎஸ் கேட்டலினா வந்த 2019-இலிருந்து புதிய கணக்குகளுக்கு இசட் ஷெல்லே இயல்பு. அதற்கு முன் பேஷ் என்ற வேறொரு ஷெல். ஆகவே ".பேஷ்_புரொஃபைல்" கோப்பில் எழுதச் சொல்லும் குறிப்பு, இன்றைய மேக்கில் யாரும் படிக்காத கோப்பில் உங்களை எழுதவைக்கும். "என்விரான்மென்ட்.பிலிஸ்ட்" கோப்பை அமைக்கச் சொல்லும் குறிப்புகள் அதைவிடப் பழையவை, 2012-இல் வந்த மவுன்டன் லயன் பதிப்போடு அந்த வழி அடைபட்டுவிட்டது. மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்புரூ வழியாக வரும் கருவிகளும் இன்டெல் மேக்கில் "/யூஎஸ்ஆர்/லோக்கல்" என்ற கோப்புறையின் கீழும், ஆப்பிள் சிப் கொண்ட மேக்கில் "/ஆப்ட்/ஹோம்புரூ" என்பதன் கீழும் இருக்கின்றன. நண்பரின் பாத் வரியை அப்படியே நகலெடுத்தால் பொருந்தாமல் போவது இதனால்.

கேள்வி: உபுண்டு சர்வரில் ஒரு பைத்தான் நிரலை நான் கையால் ஓட்டினால் ஓடுகிறது. அதையே, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரான் மூலம் இரவு 2 மணிக்கு ஓட வைத்தால், டேட்டாபேஸ் முகவரி கிடைக்கவில்லை என்று விழுந்துவிடுகிறது. மாறியை ".பேஷ்ஆர்சி" கோப்பில் எழுதியிருக்கிறேன்.
— சர்வர் பராமரிப்பாளர், யாழ்ப்பாணம்

பதில்: நீங்கள் எழுதிய இடம், நீங்கள் உட்கார்ந்து தட்டும் ஷெல்லுக்கானது. உபுண்டுவின் ".பேஷ்ஆர்சி" கோப்பைத் திறந்து முதல் சில வரிகளைப் படியுங்கள்: எதிரே ஆள் இல்லாத ஷெல் என்றால் மேலே எதையும் செய்யாமல் திரும்பிவிடு என்று அங்கேயே எழுதியிருக்கும். கிரான் அந்தக் கோப்பின் பக்கமே போவதில்லை என்பது வேறு. அது உங்கள் வேலையை எளிய "எஸ்எச்" ஷெல்லில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாறிகளோடு தொடங்குகிறது. பாத் மாறியும் பெரும்பாலும் "/யூஎஸ்ஆர்/பின்", "/பின்" என்ற இரண்டு கோப்புறைகளோடு முடிந்துவிடும். கையால் ஓட்டும்போது உங்கள் ஷெல்லின் செழிப்பான சூழலில் ஓடிய நிரல், இரவில் வெறுங்கையோடு எழுகிறது.

இரவு 2 மணி வரை காத்திருக்காமல் இதே நிலையைப் பகலிலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். "என்வ் -ஐ" என்று எழுதி அதன் பின் உங்கள் கட்டளையைத் தட்டினால், எந்த மாறியும் இல்லாத வெற்றுச் சூழலில் அது ஓடும். அங்கே தவறாமல் ஓடும் நிரல் கிரானிலும் பெரும்பாலும் ஓடும். இந்தச் சோதனையை வழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கு இரவுத் தொலைபேசி அழைப்புகள் குறையும் என்று உறுதியாகச் சொல்வேன்.

தீர்வாக, கிரான் வேலைகளைப் பட்டியலிடும் கிரான்டேப் கோப்பின் மேற்பகுதியிலேயே பெயரையும் மதிப்பையும் சமக்குறியிட்டு எழுதலாம்; ஆனால் அங்கே டாலர் குறியிட்ட பெயர் தன் மதிப்பாக விரிக்கப்படாது, ஆகவே பழைய பாத் மதிப்போடு ஒட்டும் வழக்கமான எழுத்துமுறை செல்லாது, முழு முகவரிகளையும் எழுத வேண்டும். டேட்டாபேஸ் கடவுச்சொல் போன்றவை இருந்தால், உரிமையாளர் மட்டுமே படிக்கக்கூடிய தனிக் கோப்பில் அவற்றை வைத்து, ஒரு சிறு ஷெல் நிரல் அதைப் படித்த பிறகு பைத்தானைத் தொடங்கும்படி செய்வது மேலானது. நிரல் நாள் முழுவதும் ஓட வேண்டிய சேவை என்றால் கிரானை விட்டு, லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவையாக மாற்றுங்கள். சேவையை விவரிக்கும் அதன் யூனிட் கோப்பில் "என்விரான்மென்ட்ஃபைல்" என்ற வரிக்கு எதிரே அந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்தால் போதும்.

"/எட்சி/என்விரான்மென்ட்" கோப்பில் எழுதிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அது ஷெல் படிக்கும் கோப்பு அன்று. உள்நுழைவின்போது பாம் என்ற அடையாளச் சரிபார்ப்பு அமைப்பு வரிவரியாகப் படிக்கும் எளிய பட்டியல். அங்கே பாத் வரியில் டாலர் குறியிட்டுப் பழைய மதிப்பை ஒட்ட முயன்றால், அந்தக் குறியும் பெயரும் விரியாமல் வெறும் எழுத்தாகவே சேமிக்கப்படும். அடுத்த முறை உள்நுழையும்போது "எல்எஸ்" போன்ற அடிப்படைக் கட்டளைகள்கூடக் கிடைக்காமல் போகலாம். தொலைவிலுள்ள சர்வரில் இதைச் செய்து தவிப்பவர்கள் பலர். திருத்தியே ஆக வேண்டுமென்றால், திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வேறொரு சாளரத்தில் உள்நுழைந்து சோதித்துக்கொள்ளுங்கள். நிர்வாகி உரிமையோடு ஓட்ட "சூடோ" போட்டதும் மாறி காணாமல் போவதும் பிழையன்று. பாதுகாப்பு கருதி சூடோ சூழலைத் துடைத்துவிட்டு, தனக்கென்று வகுத்த பாத் மதிப்பைப் பயன்படுத்துகிறது.

கேள்வி: எங்கள் குழுவில் பாதிப்பேர் விண்டோஸ், பாதிப்பேர் மேக். நோட்.ஜேஎஸ் திட்டத்தில் "நோட்_என்வ்=புரொடக்ஷன்" என்று தொடங்கும் என்பிஎம் ஸ்கிரிப்ட் மேக்கில் ஓடுகிறது; விண்டோஸில் அப்படியொரு கட்டளை இல்லை என்கிறது. இருவருக்கும் பொதுவாக எழுதுவது எப்படி?
— குழுத் தலைவர், சென்னை

பதில்: கட்டளைக்கு முன்னால் பெயரையும் மதிப்பையும் எழுதி, அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் மாறியைக் கொடுப்பது யூனிக்ஸ் ஷெல்களின் இலக்கணம். விண்டோஸில் நீங்கள் பவர்ஷெல்லில் தட்டினாலும் கிட் பேஷில் தட்டினாலும் நோட்டின் தொகுப்பு மேலாளரான என்பிஎம் தன் ஸ்கிரிப்டுகளை இயல்பாக கமாண்ட் பிராம்ப்டிடமே கொடுக்கிறது; அதற்கு அந்த இலக்கணம் தெரியாது. "செட்" கட்டளையை முன்னால் எழுதி, இரண்டு உம்மைக் குறிகளால் (&&) அடுத்த கட்டளையோடு இணைப்பவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள்: குறிக்கு முன்னுள்ள இடைவெளியும் மதிப்பில் சேர்ந்து, "புரொடக்ஷன்" என்ற சொல்லின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொள்ளும், நிரலில் உள்ள ஒப்பீடு பொய்க்கும். "கிராஸ்-என்வ்" என்ற சிறு தொகுப்பை முன்னால் இட்டால் இரண்டிலும் ஒரே வரி ஓடும். நோட் 20.6 முதல், மாறிகளை ஒரு கோப்பில் எழுதி "--என்வ்-ஃபைல்" என்ற தெரிவோடு தொடங்கும் வசதி நோட்டிலேயே இருப்பதால், புதிய திட்டங்களுக்கு அதையே தேர்ந்தெடுப்பேன்.

வேறு மூன்று வேறுபாடுகளையும் குழுவினர் அனைவரும் அறிந்திருப்பது நல்லது. விண்டோஸ் பாத் பட்டியலை அரைப்புள்ளியால் பிரிக்கிறது. மற்றவை முக்காற்புள்ளியால் பிரிக்கின்றன. விண்டோஸ் முகவரிகளில் டிரைவ் எழுத்தை அடுத்து முக்காற்புள்ளி வருவதால் அங்கே அது பிரிப்பானாக முடியாது. நிரலுக்குள் குறியைக் கையால் எழுதாமல், நோட்டில் "பாத்.டிலிமிட்டர்", பைத்தானில் "ஓஎஸ்.பாத்செப்" என்று கேட்டு வாங்குங்கள். விண்டோஸ் மாறிப் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸில் வேறு வேறு. விண்டோஸில் எழுத்துப் பிழையோடு ஓடிய நிரல் லினக்ஸ் சர்வரில் ஏற்றிய அன்று விழுவதைத் தவிர்க்க, எல்லாப் பெயர்களையும் பெரிய எழுத்தில் எழுதுவதை விதியாக்குங்கள். விண்டோஸ் எடிட்டரில் சேமித்த ".என்வ்" கோப்பை லினக்ஸ் ஷெல் நேரடியாகப் படித்தால், வரி முடிவில் விண்டோஸ் சேர்க்கும் கூடுதல் எழுத்து மதிப்பின் பகுதியாகிவிடும். "கேட் -ஏ" என்று, அந்த "ஏ"-வைப் பெரிய எழுத்தில் தட்டிப் பார்த்தால் அது வெளிப்படும்.

கேள்வி: பிற சேவைகளை அழைக்க உதவும் ஏபிஐ சாவிகளை ".என்வ்" கோப்பில் வைத்தால் பாதுகாப்பு என்று கற்றுக்கொண்டேன். ரியாக்ட் செயலியில் அப்படித்தான் வைத்தேன். ஆனால் உலாவியில் என் சாவி தெரிகிறது என்று நண்பர் காட்டினார்.
— தனித்தொழில் நிரலாளர், மதுரை

பதில்: உங்கள் நண்பருக்கு நன்றி சொல்லுங்கள், அந்தச் சாவியை இன்றே ரத்து செய்து புதியது பெறுங்கள். ரியாக்ட், வீட் போன்ற முன்பக்கக் கருவிகளில் "ரியாக்ட்_ஆப்_" என்றோ "வீட்_" என்றோ தொடங்கும் மாறிகள், செயலியைக் கட்டமைக்கும் நேரத்தில் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுத்தாகவே பதிக்கப்படுகின்றன. அந்தக் கோப்பு உங்கள் தளத்துக்கு வரும் ஒவ்வொருவரின் உலாவிக்கும் போகிறது. அங்கே ஓடும் நிரலுக்கு உங்கள் சர்வரின் சூழல் என்று ஒன்று இல்லவே இல்லை. ஆகவே இரகசியச் சாவி தேவைப்படும் எந்த அழைப்பும் உங்கள் சர்வர் வழியாகவே போக வேண்டும். முன்பக்க மாறிகளில் ஊரறியத் தக்கவற்றை மட்டுமே வையுங்கள்.

சர்வர் பக்கத்திலும் சூழல் மாறி ஒரு பெட்டகம் அன்று. குறிமூலத்தோடு கடவுச்சொல்லைக் கலக்காமல் பிரித்து வைக்க அது உதவுகிறது. அந்த அளவில் நன்மை பெரிது. ஆனால் ஒரு நிரலின் மாறிகள் அனைத்தும் அது தொடங்கும் ஒவ்வொரு துணை நிரலுக்கும் நகலாகப் போகின்றன. லினக்ஸில் அதே பயனரும் ரூட் பயனரும் "/பிராக்" கோப்புறை வழியாக அவற்றைப் படிக்க முடியும். பிழை அறிக்கையில் முழுச் சூழலையும் அச்சிடும் கருவிகளும் உண்டு. நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் இமேஜ் என்ற பொதியாக்கும் டாக்கரில், டாக்கர்ஃபைலில் "என்வ்" என்று எழுதிய மதிப்பு, இமேஜை இறக்கும் எவரும் "டாக்கர் இன்ஸ்பெக்ட்" கட்டளையால் படிக்கக்கூடியது. ஆகவே இரகசியங்களை இமேஜில் பதிக்காமல், அதிலிருந்து உருவாகும் கன்டெய்னரை ஓட்டும் நேரத்தில் கொடுக்க வேண்டும்.

".என்வ்" கோப்பை கிட்டில் முதல் கமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவதற்கு) முன்பே ".கிட்இக்னோர்" பட்டியலில் சேருங்கள்; மதிப்புகள் இல்லாமல் பெயர்கள் மட்டும் உள்ள ".என்வ்.எக்ஸாம்பிள்" கோப்பைக் களஞ்சியத்தில் வையுங்கள், புதிதாக வருபவருக்கு எவை தேவை என்று அது சொல்லும். தவறி ஒருமுறை ஏற்றிவிட்டால், அடுத்த கமிட்டில் நீக்குவதால் பயனில்லை, வரலாற்றில் அது இருக்கும். வரலாற்றைத் திருத்துவதில் நேரம் செலவிடும் முன் சாவியை மாற்றிவிடுங்கள்; வெளியானது வெளியானதே.

கேள்வி: "டீபக்" என்ற மாறிக்கு "ஃபால்ஸ்" என்று மதிப்பிட்டேன். ஆனாலும் பைத்தான் நிரல் டீபக் (பிழைதேடும்) நிலையிலேயே ஓடுகிறது. ஏன்?
— வாசகர், மட்டக்களப்பு

பதில்: சூழல் மாறியின் மதிப்பு எப்போதும் எழுத்துச்சரமே, எண்ணும் இல்லை, மெய்–பொய்யும் இல்லை. வெறுமையாக இல்லாத எந்தச் சரத்தையும் பைத்தான் மெய் என்றே கொள்ளும். "ஃபால்ஸ்" என்ற சொல்லும் அதில் அடக்கம். ஜாவாஸ்கிரிப்டும் அப்படியே. நிரலின் தொடக்கத்திலேயே மதிப்பைச் சிறிய எழுத்தாக்கி, "ட்ரூ", "1" போன்ற ஏற்கத்தக்க சொற்களோடு ஒப்பிட்டு, வேறு எது வந்தாலும் பிழை சொல்லி நிறுத்துங்கள். எழுத்தாக மட்டும் கொள்ள வேண்டியதை வேறாகப் பொருள்கொண்டால் எவ்வளவு தீங்கு விளையும் என்பதற்கு 2014 செப்டம்பரில் வெளிவந்த ஷெல்ஷாக் குறை சான்று. பேஷ் ஷெல் சில மாறிகளின் மதிப்பைச் செயற்கூறின் வரையறையாகப் படித்து, அதற்குப் பின் ஒட்டியிருந்த கட்டளைகளையும் சேர்த்து ஓட்டியது. இணைய சர்வர்கள் வருகையாளர் அனுப்பும் தலைப்பு வரிகளைச் சிஜிஐ என்ற பழைய இணைப்பு முறை வழியாகச் சூழல் மாறிகளாக ஷெல்லிடம் கொடுப்பதால், வெளியார் எவரும் சர்வரில் கட்டளை ஓட்ட வழி பிறந்தது. ஸ்டெஃபான் ஷசலா அதைக் கண்டறிந்து தெரிவித்த பிறகே அடைக்கப்பட்டது.

கேள்வி: தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் பைத்தான் நிரல் எழுதியிருக்கிறேன். விண்டோஸ் திரையில் தமிழ் அழகாக வருகிறது. வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பினால் மட்டும் "சார்மேப்" என்று ஏதோ பிழை வந்து நின்றுவிடுகிறது.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, இப்பணியை நீங்கள் மேற்கொண்டிருப்பது மகிழ்ச்சி தருகிறது. உங்கள் நிரலில் குறையில்லை. திரைக்கு எழுதும்போது பைத்தான் 3.6 முதல் விண்டோஸிடம் யூனிகோடாகவே பேசுகிறது. ஆகவே தமிழ் வருகிறது. வெளியீட்டைக் கோப்புக்கோ வேறொரு நிரலுக்கோ திருப்பியதும், கணினியின் மொழி அமைப்புக்குரிய பழைய குறிமுறைப் பக்கத்துக்கு (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணைக்கு) அது மாறிக்கொள்கிறது. ஆங்கில அமைப்புள்ள கணினியில் அது 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பக்கம். அதில் தமிழ் எழுத்து ஒன்றும் இல்லை. ஆன்சி எனப்படும் விண்டோஸின் இத்தகைய பழைய பக்கங்களில் தமிழுக்கென்று ஒன்று வகுக்கப்படவே இல்லை. தமிழ் அங்கே தொடக்கமுதலே யூனிகோடில் மட்டும் உள்ள மொழி. அதனால் இந்தத் தடை நமக்குத் தவறாமல் வந்து சேர்கிறது.

சூழல் மாறிகளைத் திருத்தும் சாளரத்தின் மேல் பாதியில் "பைத்தான்யூடிஎஃப்8" என்ற பெயரில் ஒரு புதிய மாறியை உண்டாக்கி, 1 என்று மதிப்பிடுங்கள். பெயரை முழுவதும் பெரிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், கடைசியில் 8 என்ற எண்ணோடு எழுத வேண்டும். திறந்திருக்கும் சாளரங்களை மூடிப் புதிதாகத் திறந்து நிரலை ஓட்டுங்கள். பைத்தான் 3.7-இலிருந்து இந்த வசதி உண்டு. கோப்புகளைத் திறப்பதும் வெளியீட்டைத் திருப்புவதும் அதன் பின் யூடிஎஃப்-8 முறையிலேயே நடக்கும். பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து இதுவே இயல்பாக இருக்கும் என்று முடிவாகியுள்ளது. இருந்தாலும், நிரலைப் பிறரோடு பகிரப் போகிறீர்கள் என்றால், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு வரியிலும் "என்கோடிங்" என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று நீங்களே எழுதிவிடுங்கள். அவர்கள் கணினியில் அந்த மாறி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பின்னாளில் லினக்ஸுக்குச் சென்றால் அங்கே "லாங்", "எல்சி_ஆல்" என்ற மாறிகள் இந்தப் பொறுப்பை ஏற்கின்றன. இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் அங்கே தனித்தனி அமைப்புகள் உள்ளன. உங்கள் சொற்பட்டியலை அகரவரிசைப்படுத்தும் கட்டளைக்கு மட்டும் தமிழ் அமைப்பைக் கட்டளையின் முன்னால் எழுதிக் கொடுங்கள். கணினி முழுவதற்கும் கொடுத்தால் தேதியும் பிழைச் செய்திகளும் தமிழுக்கு மாறி, ஆங்கில வெளியீட்டை எதிர்பார்க்கும் பழைய ஸ்கிரிப்டுகள் தடுமாறும்.